பத்தாயத்தில் ஜீவிதா

சித்திரபுரம்
16.2.2025

சேசு மரி சூசை

ஜீவிதாவின் அம்மா அவர்களுக்கு, கத்தரீனாள் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருக்கிறோம். உங்கள் வீட்டில் எல்லாரும், மாடு கன்றும், சுகம்தானே? என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் கட்டிக்கொண்ட டிஜோவைப் பெற்றவள் நான். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கொஞ்சம்தான் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன் செய்தால் உங்கள் வீட்டுக்காரர்தான் எடுப்பார் என்று ஜீவிதா சொன்னாள். பால் சொசைட்டி கமலாத்தாள் பேருக்குப் போட்டால், நீங்கள் காலையில் பால் ஊற்ற வரும்போது கொடுப்பார்கள் என்பதும் அவள் யோசனைதான்.

விஷயம் இது. முப்பத்தொன்பது வருஷமாக இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வருகிற மே 31-ஆம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். நாங்கள் இருக்கும் லயத்து வீடு கம்பெனி வீடு. அந்தத் தேதிக்குள் என் இடத்தில் எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி பேர் பதிந்தால் வீடு எங்களிடமே நிற்கும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பெண் இடத்துக்கு ஆணை எடுக்க மாட்டார்கள். டிஜோவைத் தவிர எனக்குப் பிள்ளையும் இல்லை. என் வீட்டுக்காரர் மிக்கேல் நாலு வருஷத்துக்கு முன்னால் நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போக எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் எங்கும் இல்லை.

நான் கேட்கவே இல்லை. ஜீவிதாதான், "ஏனுங்க அத்தை, நான் பேர் பதியறனுங்க. மாமாவ எங்க கொண்டுட்டுப் போவீங்க?" என்றாள். ஆனால் வயதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புக்கின் அசல் வேண்டும், ஆதார் செல்லாது என்கிறார் ஆபீஸ் கிளார்க் ரிஜோ. அந்தப் புக் உங்கள் வீட்டில் இருக்கிறது.

நீங்கள் அவளுக்குத் தலைமுழுகியதும், அவள் படத்தைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று பிளக்ஸ் கட்டியதும் எனக்குத் தெரியும். அதற்காகச் சண்டை போட எழுதவில்லை. செத்தவளுக்கு சர்டிபிகேட் எதற்கு? எங்களுக்குக் கொடுத்துவிடுங்களேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கத்தரீனாள் மிக்கேல்


சித்தூர்
4.3.2025

முருகன் துணை

கடிதம் கிடைத்தது. உங்களுக்கும் எங்களுக்கும் எழுத்துப் போக்குவரத்து வேண்டியதில்லை. அப்படி ஒரு பெண் எங்கள் வீட்டில் இல்லை என்று என் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் ஊர் அறியச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் எனக்கும்.

நீங்கள் கேட்ட புக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

படுத்தே இருப்பவர்களுக்கு முதுகில் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

அவள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போகிறவள். இப்போதாவது சாப்பிடுகிறாளா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பழனாத்தாள்

எழுதினால் கமலாத்தாள் பேருக்கே எழுதவும். வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம்.


சித்திரபுரம்
10.3.2025

சேசு மரி சூசை

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றும் சொல்லி, எந்த விலாசத்துக்கு எழுதுவது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல மனசு. உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி உருட்டுகிறேன். மிக்கேலுக்கு எண்ணெய் தடவுகிறோம். "சம்பந்தியம்மா வைத்தியமால?" என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஜீவிதா காலையில் சாப்பிடுகிறாள். அதாவது இங்கே வரும்போது நான் சாப்பிட வைத்துத்தான் விடுகிறேன். இரண்டு பேரும் உங்கள் பக்கத்துப் பாலக்காட்டில்தான் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய அரிசி மில்லுக்குக் கீழே 'பத்தாயம்' என்று ஒரு கலைக்கூடம் இருக்கிறதாம். பாட்டு, நாடகம், படக்காட்சி எல்லாம் நடக்குமாம். டிஜோவுக்கு லைட் போடுகிற வேலை. ஜீவிதா நடிக்கிறாள். நான் போய்ப் பார்த்ததில்லை. மாதம் ஒருதரம் வந்து, மாமனாரைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டுப் போவாள். பெற்ற மகள் கூட இப்படிச் செய்வாளா தெரியாது.

புக் காணாமல் போனது என்று எழுதிக்கொடுத்து நகல் வாங்கலாமா என்று விசாரித்தோம். மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எங்களிடம் எண்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது. நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது, நான் பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்குள் வந்தது. தயவுசெய்து பீரோவில், டிரங்குப் பெட்டியில், எல்லாவற்றிலும் தேடுங்கள்.

எங்கள் எல்லாருடைய வணக்கத்துடன்,
கத்தரீனாள்


சித்தூர்
2.4.2025

முருகன் துணை

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில் தாங்க முடியவில்லை, தென்னையெல்லாம் குரும்பை உதிர்க்கிறது. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. அவள் இருந்தபோது கிடாரியாக இருந்த மாடுதான். சொன்னால் அவளுக்குத் தெரியும்.

புக்கைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். பீரோச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அவர் தூங்கும்போது எடுக்கலாம் என்றால் அவர் எங்கே தூங்குகிறார். இரண்டு வருஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவள் புக், அவளே வந்து கேட்கட்டும். வாசலில் நின்று, "அம்மா, என்ற புக்கக் குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். ஆள் விட்டுக் கேட்டு வாங்குகிற பொருளா அது? அவர் தோட்டத்துக்குப் போகிற நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. அந்த நேரத்தில் வந்தால் நான் மட்டும்தான் இருப்பேன்.

பழனாத்தாள்


சித்திரபுரம்
8.4.2025

சேசு மரி சூசை

அன்புள்ள சம்பந்தியம்மா,

சுகம், சுகத்துக்கு வேண்டுகிறேன். கன்று போட்ட சேதியைச் சொன்னதும் ஜீவிதா, "நெத்தீல சுட்டி இருக்குதாமுங்களா?" என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அவளை வரச் சொல்லாதீர்கள். ஒருதரம் வந்தாள். உங்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது. போன வருஷம் ஆவணியில் உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்றிருக்கிறாள். அவளுடைய கண்ணீர் அஞ்சலி கட்டியிருந்த அதே ஸ்டாப். அவள் அப்பா எதிரே வந்திருக்கிறார். "அப்பா" என்றிருக்கிறாள். அவர் பக்கத்து டீக்கடைக்காரரிடம், "இந்தப் புள்ள எந்தூருங்க? பஸ்ஸ உட்டுப்போட்டு நிக்குதா?" என்று கேட்டுவிட்டு நடந்து போய்விட்டார். அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இனி அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் அவளை வற்புறுத்த மாட்டேன்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் வீட்டில் ஒரு மனுஷன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், அவனுக்கு அந்தக் கூரையும் போகப்போகிறது. குருத்து ஞாயிறு வருகிறது, பெரிய வாரம் வருகிறது, நாள் ஓடுகிறது. உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். ரிஜிஸ்டர் தபாலில் போடுங்கள், அல்லது கமலாத்தாளிடம் கொடுத்தால் டிஜோ வந்து வாங்கிக்கொள்வான்.

கண்ணீருடன்,
கத்தரீனாள்


சித்தூர்
12.5.2025

முருகன் துணை

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் அவரோடு பேசுவதில்லை. சோறு போடுகிறேன், பேசுவதில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை பத்தாயத்துக்குப் போனேன். என் தங்கை மகள் யோகப்பிரியா சித்தூர் காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. அவரிடம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினோம்.

கலைக்கூடம் என்று எழுதினீர்கள். அது பார் என்று நீங்கள் எழுதவில்லை.

மில்லுக்குப் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கதவு. போனை வாங்கித் துணிப்பையில் போட்டு முடிந்து வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். இருபத்திரண்டு படி கீழே இறங்க வேண்டும். "பெரீம்மா, பயந்துக்காதீங்க, என்ற கையப் புடிச்சுக்குங்க" என்றாள் யோகப்பிரியா. அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்த நிலவறை அது. இன்னும் உமி வாசம் போகவில்லை, அதோடு பீர் வாசம். ஒரு பக்கம் பாட்டில்கள் அடுக்கிய மேடை, ஒரு பக்கம் நாடக மேடை, நடுவில் சாக்கு மெத்தை போட்ட பெஞ்சுகள். பெண்களும் குடிக்கிறார்கள். என் வயதில் ஒரு டீச்சரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் கிளாசோடு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிற பையன் என்னிடம் வந்து, "அம்மைக்கு எந்தா வேண்டே?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யோகப்பிரியா இரண்டு நாரங்கா சோடா சொன்னாள்.

முதலில் ஒருவன் தகர டப்பாக்களைத் தட்டிப் பாடினான். பிறகு அந்த இடத்தை நடத்துகிற சிஞ்சு என்ற பெண் மேடைக்கு வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியவள். "இனி மரிச்ச வீடு" என்றாள், அடுத்தது சாவு வீடு என்று. திரையை இழுத்தார்கள்.

அந்த பிளக்ஸ் அங்கே தொங்கியது. எங்கள் பஸ் ஸ்டாப்பில் கட்டிய அதே பிளக்ஸ். டிஜோ அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கும்போது எடுத்த படம். அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து உரித்து அவர் கையில் கொடுத்தவளே நான்தான். அதற்குக் கீழே பெஞ்சில் என் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் காசு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. என் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது. யோகப்பிரியா என் வாயைப் பொத்தினாள்.

சிஞ்சு என்ன சொன்னாள் என்றால், "நீங்கள் தலைமுழுகியவர் யாராவது இருக்கலாம், உங்களைத் தலைமுழுகியவரும் இருக்கலாம். ஒரு பிடி அரிசி எடுத்து இவள் வாயில் வைத்து, அவர்களிடம் சொல்ல முடியாமல் போனதை இவள் காதில் சொல்லுங்கள். இவள் கண் திறக்க மாட்டாள். பதில் சொல்ல மாட்டாள்." முதலில் நாலைந்து பையன்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். திரும்பி வரும்போது ஒருவனும் சிரிக்கவில்லை. அந்த டீச்சரம்மா கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போனார், ரொம்ப நேரம் பேசினார். வரிசை நீண்டுகொண்டே போனது. இத்தனை பேருக்கா வீட்டில் உயிரோடு செத்தவர்கள் இருக்கிறார்கள்!

நானும் வரிசையில் நின்றேன். அரிசி எடுத்தேன். எங்கள் பக்கம் பெற்றவள் வாய்க்கரிசி போட்டால் அது பெரிய பாவம். போட்டேன். காதில் ஒன்று சொன்னேன், அது என்னோடு இருக்கட்டும். அவள் கண் திறக்கவில்லை. ஆனால் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பின்னால் நின்றவர் தள்ளினார். நான் வந்துவிட்டேன்.

பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம். இனி நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பழனாத்தாள்

கன்றுக்கு நெற்றியில் சுட்டி இருக்கிறது.


சித்திரபுரம்
17.5.2025

சேசு மரி சூசை

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தை மிக்கேலுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். அது பார் என்பதை நான் மறைத்தது உண்மை. தெரிந்தால் புக்கைத் தர மாட்டீர்கள் என்ற பயம். அவள் அங்கே என்ன நடிக்கிறாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஆனால் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், புக்கைப் பற்றி ஒரு வரி இல்லையே. நான் மூன்று தரம் திருப்பித் திருப்பித் தேடினேன். கவருக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தேன்.

இன்னும் பதினான்கு நாள். லிஸ்டை மூடினால் மூடியதுதான் என்று ரிஜோ நேற்றும் சொல்லிவிட்டார். கிடைத்ததா, இல்லையா? எரித்துவிட்டீர்கள் என்றால் எரித்துவிட்டேன் என்றாவது எழுதுங்கள். நான் கோபப்பட மாட்டேன். யார் காலிலாவது விழுந்து ஒரு மாதம் தவணை கேட்பேன். இப்படித் தொங்கவிடுவதுதான் தாங்க முடியவில்லை.

கத்தரீனாள்


சித்தூர்
26.5.2025

முருகன் துணை

அக்காவுக்கு,

இதோடு புக்கை வைத்திருக்கிறேன். ரிஜிஸ்டரில் போடுகிறேன்.

இது காணாமல் போகவே இல்லை. தலைமுழுகிய அன்று அவள் துணிமணி எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார் அவர். எல்லாவற்றையும் போட்டேன், இதை மட்டும் பாலிதீன் கவரில் சுற்றி மாட்டுத் தவிட்டு டிரம்முக்கு அடியில் வைத்தேன். தவிட்டுப் பக்கம் அவர் வர மாட்டார். நீங்கள் முதல் கடிதம் எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும் இது எங்கே இருக்கிறது என்று. பீரோச் சாவி, தேடுகிறேன் என்றதெல்லாம் பொய்.

ஏன் என்று கேட்பீர்கள். அவளுக்கு இந்த வீட்டிலிருந்து வேண்டியது இது ஒன்றுதான். என்றைக்காவது இதற்காக வந்தாக வேண்டும், வாசலில் நிற்க வேண்டும், அப்போது உள்ளே இழுத்துக்கொள்வேன் என்று இரண்டு வருஷமாக இதன் மேல் உட்கார்ந்திருந்தேன். இதைக் கொடுத்துவிட்டால் அவள் உங்கள் மலையில் பேர் பதிந்துவிடுவாள். பிறகு என்னிடம் அவளுக்கு என்ன வேலை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாயத்துக்குப் போன அன்று இது என் பையில் இருந்தது. கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்துப் போனேன். குனிந்து காதில், "சாமி, ஊட்டுக்கு வந்துரு" என்றேன். அவள் கண்ணைத் திறப்பாள் என்று நினைத்தேன். திறந்திருந்தால் கொடுத்திருப்பேன். திறக்கவில்லை. அவர்கள் ஆட்டத்தின் முறை அது என்று தெரிந்தும், வீம்பில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் தபாலாபீஸ் வரை போய்த் திரும்பி வந்தேன். இன்றைக்குப் போட்டுவிடுவேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. அங்கேயும் அப்படித்தான் என்று டிவியில் சொல்கிறார்கள். சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பழனாத்தாள்


சித்திரபுரம்
12.6.2025

சேசு மரி சூசை

பழனாத்தாளுக்கு,

மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. உங்கள் ரிஜிஸ்டர் தபால் ஜூன் 3-ஆம் தேதி வந்தது. 31-ஆம் தேதி மாலை நாலு மணிக்கு லிஸ்டை மூடிவிட்டார்கள். என் இடத்தில் மூன்றாம் டிவிஷன் பெண் ஒருத்தி பேர் பதிந்தாயிற்று. புக்கைக் கொண்டுபோய் ரிஜோவின் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை, "சேச்சி, இனி ஞான் எந்து செய்யான்?" என்றார். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்களைத் திட்ட என் வாயில் வராத வார்த்தை இல்லை. இந்த வயதில் அதற்கென்று எத்தனை தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது என்றுதான் நிறுத்திக்கொண்டேன். கோபப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அது நீங்கள் எரித்திருந்தால். பத்திரமாக வைத்துக்கொண்டு எங்களைக் கெஞ்சவிட்டீர்கள்.

ஜீவிதா உங்கள் கடிதத்தைப் படித்தாள். அழவில்லை. "பையிலயே வெச்சிருந்தாங்களா?" என்று மட்டும் மூன்று தரம் கேட்டாள்.

இந்த மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். பத்தாயத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு அறையைச் சிஞ்சு தருகிறாள், வேறு இடம் கிடைக்கும் வரை. பூமிக்குக் கீழே. வெயில் வராது. குடிக்கிறவர்கள் சத்தம் கேட்கும். மிக்கேலிடம் சொன்னேன். "காத்து வருமாட்டி?" என்று மட்டும் கேட்டார். வரும் என்று பொய் சொன்னேன்.

28-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறோம். லயத்திலிருந்து ஜீப் நிற்கிற இடத்துக்கு அறுபத்துநாலு படி. அவரைக் கட்டிலோடுதான் இறக்க வேண்டும். நாலு பேர் வேண்டும். கூப்பிட்டால் இந்த லயத்தில் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நான் கூப்பிடப் போவதில்லை. டிஜோ, ஜீவிதா, நான், மூன்று பேர் இருக்கிறோம். நாலாவதாக நீங்கள் வர வேண்டும். மன்னிப்புக் கேட்க வர வேண்டாம், அதைக் கேட்க இப்போது எனக்குத் தெம்பில்லை. நீங்கள் செய்தது எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்க்க வாருங்கள்.

கத்தரீனாள்


சித்தூர்
23.6.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் நானே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, மடித்து என்னிடமே நீட்டினார். பிறகு, "போறதுன்னா போ. திரும்பி இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்றார். சரிங்க என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மாடுகளைக் கமலாத்தாள் பார்த்துக்கொள்வாள். இனி இந்த விலாசத்துக்கு எழுதாதீர்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். யாரும் எதிர்கொண்டு வர வேண்டாம், கேட்டுக்கொண்டே வந்துவிடுவேன். அவள் என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. எந்தூர்ப் பொம்பளை என்று கேட்டாலும் சரி, அதற்கு நான் பாத்தியப்பட்டவள்தான்.

சிஞ்சுவிடம் அந்த அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று கேட்டு வையுங்கள். இல்லை என்றாலும் வருகிறேன்.

கட்டிலில் தலைமாட்டுப் பக்கம்தான் கனம் அதிகம் இருக்கும். அதை எனக்கு விட்டுவிடுங்கள்.

பழனாத்தாள்